பெயரும் கட்டும்: யுமேமகுரா பாகுவின் ‘ஒன்மியோஜி’ கதைகளில் எல்லையில் நிற்கும் ஆவிவினைஞன்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய எழுத்தாளர் யுமேமகுரா பாகு 1986 முதல் எழுதிவரும் ‘ஒன்மியோஜி’ கதைவரிசையின் தலைமைப் பாத்திரம் செய்மெய். ஹெய்யான் காலத் தலைநகரில் ஆவிகளையும் ஓனிகளையும் எதிர்கொள்ளும் அவன், மனித உலகுக்கும் மற்றை உலகுக்கும் இடையில் நிற்பவனாகப் படைக்கப்பட்டிருக்கிறான். மரபுக் கதைகள் இந்த இடைநிலைக்கு அவனது பிறப்பைக் காரணமாக்கின. தாய் ஒரு நரி என்றன. யுமேமகுரா அக்காரணத்தைப் பிறப்பிலிருந்து சொல்லுக்கு மாற்றுகிறார் என்பதும், அம்மாற்றத்தால் ‘விரட்டுதல்’ என்னும் செயல் ‘கேட்டல்’ என்பதாக உருமாறுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்வுருமாற்றம் எதை இழக்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒன்மியோஜி, செய்மெய், ஓனி, பெயர், கட்டு, ஹெய்யான் இலக்கியம், நோ நாடகம்.

1. முன்னுரை

தமிழில் ‘பேயோட்டி’ என்னும் சொல் ஒரு திசையை உள்ளடக்கியது. ஓட்டுபவர் இங்கே இருக்கிறார். ஓட்டப்படுவது அங்கே போகிறது. ஓட்டுபவரின் இடம் எது என்னும் ஐயம் அச்சொல்லில் எழுவதில்லை. ஜப்பானிய ‘ஒன்மியோஜி’ என்னும் சொல்லில் ஓட்டுதல் என்னும் பொருளே இல்லை. ‘இன்’, ‘யோ’ என்னும் இருமைத் தத்துவங்களில் தேர்ந்தவர் என்பதே அதன் பொருள். சீன மரபிலிருந்து பெற்ற இவ்விருமைக் கோட்பாட்டில் நிழலும் ஒளியும் பகையல்ல. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பது. எனவே ஒன்மியோஜியைப் பேயோட்டி என மொழிபெயர்க்கும்போதே ஒரு பொருள் நழுவிவிடுகிறது. இக்காரணம் பற்றி இக்கட்டுரை ‘ஆவிவினைஞன்’ என்னும் பொதுச்சொல்லைக் கையாள்கிறது. வரலாற்று மனிதர் ‘அபே நோ செய்மெய்’ என்றும், புனைவுப் பாத்திரம் ‘செய்மெய்’ என்றும் குறிக்கப்படுகின்றனர்.

2. வரலாற்று மனிதரும் அரசு அலுவலும்

அபே நோ செய்மெய் 921 முதல் 1005 வரை வாழ்ந்தவர். அன்றைய அரசில் ஒன்மியோ அலுவலகம் என ஒன்று இருந்தது. நாட்கணிப்பு, விண்ணோக்கு, நிமித்தம் பார்த்தல், நீர்க்கடிகாரத்தைப் பேணுதல் ஆகியவை அதன் பணிகள். செய்மெய் அங்கே விண்ணியல் ஆசிரியர் பதவி வகித்தார். கமோ குடும்பத்தினரிடம் அவர் கல்வி பெற்றார். பின்னர் நாட்காட்டிக் கலை கமோ குடும்பத்துக்கும் விண்ணியல் அபே குடும்பத்துக்கும் உரிமையாயின. அவர் மறைந்து இரண்டாண்டுகளில், 1007இல், கியோத்தோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. அவர் சார்ந்த கலையை மெய்ஜி அரசு 1870இல் அதிகாரநிலையிலிருந்து நீக்கியது.

இக்கலை ஏன் அரசுக்கு இன்றியமையாததாயிற்று என்பதற்குத் தலைநகரின் வரலாறே சான்று. 785இல் புஜிவாரா நோ தனெத்சுகு கொல்லப்பட்டபோது, பேரரசர் கன்முவின் தம்பி இளவரசர் சவாரா அதில் தொடர்புடையவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவாஜித் தீவுக்கு நாடுகடத்தப்படும் வழியில் உணவின்றி இறந்தார். அதன்பின் நேர்ந்த நோய்களும் மரணங்களும் அவரது சினத்தின் விளைவாகக் கருதப்பட்டன. 794இல் தலைநகர் ஹெய்யானுக்கு மாறியதில் இவ்வச்சத்துக்கும் பங்குண்டு என்பர். 800இல் சவாராவுக்குப் பேரரசர் என்னும் பட்டமே வழங்கப்பட்டது. 863இல் இத்தகைய ஆவிகளை ஆற்றுப்படுத்தும் அரசு விழா நிகழ்ந்தது. அநீதியாக இறந்தவரை விரட்ட முடியாது, பட்டமளித்துத் தணிக்கவே முடியும் என்னும் புரிதல் இந்நிகழ்ச்சிகளில் உள்ளது. ஆவிவினைஞர் இப்புரிதலின் அலுவலர். அவரை ஏவுவது அரசு, அவர் பேச வேண்டியதோ அரசால் பாதிக்கப்பட்டவரிடம். புனைவில் நாம் காணும் பிளவின் விதை இந்த அலுவல் நிலையிலேயே இருக்கிறது.

3. பழங்கதைகளில் செய்மெய்

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘கொன்ஜாகு மொனொகதாரிஷூ’ என்னும் கதைத் தொகுதி செய்மெய் பற்றிய நிகழ்ச்சிகள் சிலவற்றைத் தருகிறது. சிறுவனாகிய அவர் ஓர் இரவு ஆசிரியர் கமோ நோ ததாயுக்கியின் வண்டிக்குப் பின்னே நடந்து செல்கிறார். எதிரே ஓனிகள் கூட்டமாக வருவதை அவர் கண்கள் காண்கின்றன. வண்டிக்குள் உறங்கும் ஆசிரியரை எழுப்புகிறார். ஆசிரியர் தம் வித்தையால் அனைவரையும் மறைக்கிறார். இங்கே செய்மெய்யின் முதல் திறன் விரட்டுவதன்று, காண்பது. பிறர் காணாததைக் காண்பவர் என்பதாலேயே அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

அதே தொகுதியின் மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. வித்தையால் மனிதனைக் கொல்ல இயலுமா என இளையோர் சிலர் கேட்கின்றனர். இயலும், ஆனால் கொன்ற உயிரை மீட்கத் தமக்குத் தெரியாது, ஆதலால் அது வீணான பாவம் என்னும் பொருள்பட அவர் விடையிறுக்கிறார். அவர்கள் விடுவதாயில்லை, தோட்டத்துத் தவளை ஒன்றைக் காட்டி வற்புறுத்துகின்றனர். ஓர் இலையைக் கிள்ளி ஏதோ ஓதி எறிகிறார். இலை பட்ட தவளை நசுங்கி மடிகிறது. பார்த்தவர் முகம் வெளிறுகிறது. ஆற்றலைக் காட்டும் கதையாகவே இது பெரிதும் நினைக்கப்படுகிறது. ஆயினும் இதன் மையம் அந்த மறுப்பில் இருக்கிறது. இருபுறமும் செல்லத் தெரிந்தவராகப் போற்றப்படும் ஒருவர், ஒரு வழி மட்டும் திரும்பாதது என அறிந்திருக்கிறார்.

அவரது இல்லத்தில் ஆளில்லாத வேளையில் கதவுகள் தாமே திறந்து மூடின என்றும் அத்தொகுதி கூறும். அவை ‘ஷிகிகாமி’ எனப்படும் ஏவல் ஆவிகளின் வேலை. அவற்றின் முகத்துக்கு மனைவி அஞ்சியதால், இச்சிஜோ தெருவின் மொதோரி பாலத்தின் அடியில் அவற்றை மறைத்துவைத்தார் என்பது பிற்கால மரபு. ‘மொதோரி’ என்றால் திரும்புதல். 918இல் இறந்த ஓர் அறிஞரின் இறுதி ஊர்வலம் அப்பாலத்தைக் கடக்கையில், துறவியாகிய மகன் வந்து வேண்ட, அவர் உயிர்பெற்றார் என்னும் கதையால் அப்பெயர் வந்தது. மனைவிக்கும் ஏவல் ஆவிகளுக்கும் இடையே ஒரு பாலத்தின் தொலைவு தேவைப்பட்டது என்னும் இச்சிறு செய்தி, செய்மெய்யின் இரட்டை வாழ்வை எந்தத் தத்துவ விளக்கத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

4. குருதியிலிருந்து சொல்லுக்கு

இந்த இரட்டை வாழ்வுக்கு மக்கள் மரபு தந்த விளக்கம் நரித்தாய். ஷினோதா காட்டில் அபே நோ யசுனா காப்பாற்றிய வெண்ணரி, குசுனோஹா என்னும் பெண்ணுருவில் அவனுடன் வாழ்ந்து மகனைப் பெறுகிறது. உண்மை வெளிப்படும் நாளில் பிரிவுக் கவிதையை எழுதிவைத்துக் காட்டுக்குத் திரும்புகிறது. 1734இல் ஒசாகாவில் அரங்கேறிய தகேதா இசுமோவின் பொம்மை நாடகம் இக்கதையைப் புகழ்பெறச் செய்தது. பின்னர் அது கபுக்கி மேடைக்கும் வந்தது. இந்த வடிவில் செய்மெய்யின் பிளவு குருதியின் பிளவு. அவர் பாதி மனிதர், பாதி ஆவி. அவருக்குத் தேர்வு ஏதுமில்லை.

யுமேமகுரா நரித்தாய்ச் செய்தியைத் தவிர்க்கவில்லை; ஆனால் ஊர்ப்பேச்சின் அளவிலேயே வைக்கிறார். அதனிடத்தில் அவர் கொணர்வது ‘ஷு’ என்னும் கருத்து. மந்திரம், சாபம் என்னும் இரு பொருளையும் தரும் அச்சொல்லுக்குச் செய்மெய் தன் நண்பன் ஹிரோமசாவிடம் கூறும் விளக்கம் எளியது: ஒன்றைக் கட்டுவது எதுவோ அதுவே ஷு. உலகில் மிகக் குறுகிய ஷு பெயர்தான். பெயரில்லையேல் தான் இல்லாது போவேனா என ஹிரோமசா திகைக்கும்போது, நீ இருப்பாய், ஹிரோமசாதான் இருக்கமாட்டான் என்னும் கருத்துப்பட விடை வருகிறது. தமிழ் மாந்திரீக வழக்கில் ‘வாய்க்கட்டு’, ‘திக்குக்கட்டு’ என வழங்கும் ‘கட்டு’ இதற்கு மிக நெருங்கிய சொல். ஆனால் அவ்வழக்கில் கட்டு ஒரு தனிவினை. யுமேமகுராவிடம் அது மொழி முழுவதற்கும் விரிகிறது. பெயரிடுதல் அனைத்தும் கட்டுதலே.

இதன் விளைவு பெரிது. மனிதன் என்பதும் ஒரு கட்டு, ஓனி என்பதும் ஒரு கட்டு எனின், இவற்றுக்கிடையே இயற்கையான சுவர் இல்லை. குருதியால் பிளவுண்ட செய்மெய் ஒரு விதிவிலக்கு; சொல்லால் எல்லையில் நிற்கும் செய்மெய் அனைவருக்கும் பொதுவான நிலையை அறிந்தவன். அவனுடைய தோட்டம் இதன் புறவடிவம். செடிகொடிகள் வளர்ந்தபடியே விடப்பட்டு, காட்டின் ஒரு துண்டை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல் அது வருணிக்கப்படுகிறது. அரண்மனைப் பண்பாட்டின் நடுவே, பெயரும் வகையும் இடப்படாத ஒரு நிலம்.

5. ராஜோமோன் வாயிலில் இரு பெயர்கள்

கதைவரிசையின் முதற்கதை ‘கென்ஜோ’ என்னும் பிவா யாழ் களவுபோன நிகழ்ச்சியைப் பற்றியது. ‘கொன்ஜாகு’ தொகுதியில் இது ஹிரோமசாவின் கதை மட்டுமே. வரலாற்றில் இசைவல்லுநராக அறியப்பட்ட மினமோத்தோ நோ ஹிரோமசா, இரவில் இசையைத் தொடர்ந்து சென்று, ராஜோமோன் வாயிலின் மேலிருந்து ஓனி அதை வாசிப்பதை அறிகிறார். ஓனியும் கருவியைக் கயிற்றில் இறக்கித் தந்துவிடுகிறது. செய்மெய்க்கு அங்கே இடமில்லை. யுமேமகுரா அவனை அக்கதைக்குள் கொண்டுவருவதுடன், ஓனிக்கு ஒரு வாழ்க்கையையும் தருகிறார். அந்த ஓனி முன்பு இந்தியாவிலிருந்து வந்து ஜப்பானில் இறந்த ஒருவன், கென்ஜோவோடு உறவுடையவன், அரண்மனைப் பெண் ஒருத்தியில் தன் மனைவியின் சாயலைக் காண்பவன். அவன் பேசும் மொழியை ஊரில் எவரும் அறியார். தலைநகர் ‘ஓனி’ எனப் பெயரிட்டது உண்மையில் ஓர் அயலானின் தனிமையை.

வாயிலில் ஓனி பெயர் கேட்கிறது. ஹிரோமசா தன் மெய்ப்பெயரைக் கூறுகிறான். செய்மெய் பொய்ப்பெயர் ஒன்றைத் தருகிறான். மோதல் நேரும்போது, பெயர் சொல்லி ஓனி ஆணையிட, ஹிரோமசா அசைவற்று நின்றுவிடுகிறான், செய்மெய் கட்டுப்படுவதில்லை. முற்பகுதியில் திண்ணைப் பேச்சாக இருந்த கோட்பாடு இங்கே நிகழ்வாகிறது. ஆனால் இதனைச் செய்மெய்யின் வெற்றியாக மட்டும் படித்தல் குறைபாடானது. மெய்ப்பெயரைத் தருபவன் கட்டுண்ணக் கூடியவன். கட்டுண்ணக் கூடியவனே உறவுகொள்ளக் கூடியவன். பொய்ப்பெயர் தருபவன் பாதுகாப்பானவன். அந்தப் பாதுகாப்பின் விலை எவருக்கும் உரியவனாகாமை. செய்மெய் இரு உலகிலும் நடமாட முடிவது, ஓருலகிலும் முழுப்பெயரோடு நில்லாமையாலேயே.

கதையின் முடிவும் கருதத்தக்கது. ஓனியை அழிப்பதற்கு மாறாக, கனிந்த சொற்களால் அந்த யாழிலேயே உறையும்படி செய்மெய் செய்கிறான். கனிவான சொல்லைவிட வலிய கட்டு இல்லை என்பது அவன் கருத்து. இங்கே விரட்டுதல் நிகழவில்லை. அலைந்ததற்கு ஓர் இருப்பிடம் தரப்படுகிறது.

6. பாதி மாறியவள்

செய்மெய்யின் வினை எங்கே தோற்கிறது என்பதைக் காட்டும் படைப்பு, 2000இல் நூலாக வந்த ‘நமனாரி ஹிமே’. இதன் மூலம் ‘கனவா’ என்னும் நோ நாடகம். கைவிடப்பட்ட மனைவி கிபுனே கோயிலுக்கு இரவில் சென்று, இரும்பு முக்காலியைத் தலையில் கவிழ்த்து அதன் கால்களில் தீயேற்றி ஓனியாகிறாள். தீக்கனவுகளுக்கு அஞ்சிய கணவன் செய்மெய்யை நாடுகிறான். செய்மெய் பதிலிப் பாவைகள் செய்து வேள்வி நடத்த, காவல் தெய்வங்கள் அவளைத் துரத்துகின்றன. காலம் வரட்டும் என்னும் குறிப்போடு அவள் மறைகிறாள். நாடகம் விரட்டுதலில் முடிகிறது. ஆனால் அவள் சினம் தீரவில்லை என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது.

நோ முகமூடி மரபில் ‘நமனாரி’ என்பது கொம்பு அரும்பத் தொடங்கிய பெண்முகம். மனிதத்திலிருந்து ஓனிக்குச் செல்லும் வழியின் முதற்படி. அடுத்தது ஹன்யா, இறுதியானது பாம்புமுகம். யுமேமகுரா இறுதிப் படியைத் தேர்ந்தெடுக்காமல் முதற்படியைத் தலைப்பாக்கியது தற்செயலன்று. ஓனி என்பது ஒரு பொருளன்று, ஒரு வழி என்பதே அத்தலைப்பின் கூற்று. அவ்வழியில் செல்லும் பெண், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹிரோமசாவின் குழலிசையைக் கேட்டு அவன் மனம் கவர்ந்தவள் என அமைத்ததால், வினைக்குரிய பொருள் திடீரென நண்பனின் அன்புக்குரியவளாகிறாள். தன்னை இக்கோலத்தில் ஹிரோமசா கண்டான் என்பதே அவளுக்கு எல்லாவற்றிலும் கொடிய துன்பமாகிறது.

இந்நாவலின் நடுவே நிகழும் ஓர் உரையாடல் கதைவரிசை முழுவதற்கும் திறவுகோல். தான் ஓனியானால் என் செய்வாய் என ஹிரோமசா வினவுகிறான். ஒருவர் ஓனியாவதை எவராலும் தடுக்க முடியாது, ஆனால் நீ ஓனியானாலும் நான் உன் பக்கமே என்னும் பொருள்பட செய்மெய் கூறுகிறான். அரசின் ஆவிவினைஞன் ஒருவன் இவ்வாறு கூறுவது, தன் தொழிலின் அடிப்படையையே மறுப்பதாகும். எப்பக்கம் நிற்பது என்னும் வினாவுக்கு அவன் தரும் விடை உலகங்களைப் பற்றியதாக இல்லை. ஒரு மனிதனைப் பற்றியதாக இருக்கிறது. எல்லா நிகழ்விலும் விலகி நின்று புன்னகைப்பவனாகக் காட்டப்படும் செய்மெய், விலகலைக் கைவிடும் இடம் இது.

7. ஹிரோமசா என்னும் கட்டு

செய்மெய் பேரரசரை ‘அந்த ஆள்’ எனக் குறிப்பிடுவதும், ஹிரோமசா பதறிக் கண்டிப்பதும் கதைதோறும் மீளும் நகைச்சுவை. அரசுக்கு அவன் முழுமையாக உரியவனல்லன் என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. வேறெது அவனை மனிதரிடையே நிறுத்துகிறது? கதைகளின் மாறாத அமைப்பே விடை தருகிறது. திண்ணையில் இருவரும் மதுவருந்துதல், பருவத்தின் மாற்றத்தை நோக்குதல், ஹிரோமசா கொணரும் செய்தி, போவோமா என்னும் அழைப்பு, போவோம் என்னும் இசைவு. ஒவ்வொரு முறையும் மனிதத் துயரின் செய்தியைக் கொணர்பவன் ஹிரோமசா. அவன் வாராவிடில் செய்மெய் அத்திண்ணையை விட்டு இறங்குவானா என்பது ஐயமே.

ஹிரோமசாவும் எல்லையின் ஒருபுறம் மட்டும் இருப்பவனல்லன். அவனது ‘ஹாபுதத்சு’ என்னும் குழல் சுசாகு வாயில் ஓனியிடமிருந்து கிடைத்தது என்பது பழைய மரபு; யுமேமகுராவும் அதனை ஏற்கிறார். ஓனியோடு குழல் மாற்றிக்கொண்ட அவன், தான் எல்லை கடந்ததைப் பொருட்படுத்துவதே இல்லை. செய்மெய் சொல்லால் அறிந்து கடப்பதை, ஹிரோமசா இசையால் அறியாமல் கடக்கிறான். இக்காரணத்தாலேயே அறிவுமிக்கவன் அறியாதவனை வியக்கிறான். ‘அறிவாளியும் அவனை விளங்கச்செய்யும் எளிய துணைவனும்’ என்னும் துப்பறியும் கதை இலக்கணம் இங்கே மேலோட்டமாகவே பொருந்தும். துப்பறியும் கதையில் துணைவன் இன்றியும் விடை கிடைக்கும். இங்கே துணைவன் இன்றேல் வினவுவதற்கே ஆளில்லை.

8. திரைவடிவம்: ஒருவன் இருவராதல்

இக்கதைகளை ஒகானோ ரெய்கோ 1993 முதல் ஓவியக்கதையாக்கினார். அது 2001இல் தெசுகா ஒசாமு பரிசு பெற்றது. அதே ஆண்டில் தகித்தா யோஜிரோவின் இயக்கத்தில், கியோகென் கலைஞர் நொமுரா மன்சாய் செய்மெய்யாக நடித்த திரைப்படம் வெளிவந்தது. திரைப்படத்துக்கு எதிரி தேவைப்பட்டதால் தோசோன் என்னும் தீய ஒன்மியோஜி முன்வைக்கப்படுகிறான். அவன் இளவரசர் சவாராவின் ஆவியை எழுப்புகிறான். ஹிரோமசா உயிர்நீக்கும் காட்சியில் செய்மெய் கண்ணீர் விடுகிறான்.

கண்ணீர், கதைகள் மறைத்துவைத்த கட்டை வெளிப்படுத்துவதால் பொருத்தமே. ஆனால் எதிரியின் வருகை ஒன்றைக் கெடுக்கிறது. நூலில் ஒருவனுக்குள்ளேயே இருந்த இழுபறி, படத்தில் நல்லவன் தீயவன் என இருவராகப் பிரிந்துவிடுகிறது. தீயவன் வீழ்ந்ததும் இழுபறியும் தீர்ந்ததாகத் தோன்றுகிறது. நூலில் அது தீர்வதில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் திண்ணையில் தொடங்குகிறது.

9. கேட்டலின் வரம்பு

விரட்டுதலைக் கேட்டலாக்கியது யுமேமகுராவின் சாதனை என மேலே கூறப்பட்டது. அச்சாதனையின் மறுபக்கத்தையும் கூறுதல் கடன். சவாராவின் ஆவியைக் கண்டு அஞ்சிய அரசு, தன் பிழையை ஓரளவேனும் ஒப்புக்கொண்டு பட்டம் அளித்தது. அங்கே ஆவியின் சினம் அரசியல் கோரிக்கை. யுமேமகுராவின் கதைகளில் சினம் பெரும்பாலும் காதலின் துயராகவும் தனிமையாகவும் சுருங்குகிறது. கேட்பவன் உருகுகிறான், இசை எழுகிறது, மலர் உதிர்கிறது. தவறிழைத்தவன் பெரும்பாலும் கணக்குக் கேட்கப்படாமல் போகிறான். ‘நமனாரி ஹிமே’யில் அவள் இறக்கிறாள், அவள் துயரம் இரு ஆண்களின் நட்பை ஆழமாக்கும் நிகழ்வாகவும் பயன்பட்டுவிடுகிறது. ஓனியாவோர் பலர் பெண்கள், கேட்போர் ஆண்கள் என்னும் பங்கீடும் பழைய மரபிலிருந்து ஏறக்குறைய மாற்றமின்றி வந்துள்ளது.

இக்குறையை ஆசிரியர் முற்றிலும் உணரவில்லை எனக் கொள்ளல் இயலாது. ஓனியாவதை எவராலும் தடுக்க முடியாது என்னும் செய்மெய்யின் கூற்று, பரிவு போதாது என்னும் ஒப்புதலும் ஆகும். கேட்டல் துயரைத் தணிக்கும்; துயரின் காரணத்தைத் திருத்தாது. தவளைக் கதையின் செய்மெய் அறிந்திருந்த அதே எல்லை இது.

10. முடிவுரை

நரித்தாயின் மகன் என்னும் மரபு, இடைநிலையைப் பிறப்பின் விதியாக்கியது. யுமேமகுரா பாகு அதனைப் பெயர், கட்டு என்னும் மொழிநிலைக் கருத்தாக மாற்றி, மனிதனும் ஓனியும் ஒரே வழியின் இரு படிகள் எனக் காட்டினார். இதனால் ஆவிவினைஞனின் பணி விரட்டுதலிலிருந்து கேட்டலுக்கும் இருப்பிடம் தருதலுக்கும் நகர்ந்தது. எவ்வுலகுக்கும் மெய்ப்பெயர் தராத செய்மெய்யை மனிதரிடையே நிறுத்துவது அரசோ அலுவலோ அன்று. பெயரைத் தயங்காமல் தந்துவிடும் ஒரு நண்பன். அதேவேளை, பாதிக்கப்பட்டவரின் சினத்தை நீதிக் கோரிக்கையாக அன்றித் துயராக மட்டும் கேட்பது இக்கதைகளின் வரம்பு. பேயும் தெய்வமும் ஒன்று மற்றொன்றாக மாறும் கதைகளை நிறைய உடைய தமிழில், ‘பேயோட்டி’ என்னும் சொல் அவ்வுறவின் எப்பகுதியை மறைக்கிறது என்னும் தனி ஆய்வுக்கு இக்கதைவரிசை பயன்தரும் ஒப்பீட்டுத் தளமாக அமையும்.